பிளேயர் உறையும் ஆவாரம்பட்டையும்

தோட்டத்து மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டால் வருகிற எலக்ட்ரீஷியனின் இடுப்பைக் கவனியுங்கள். பெல்ட்டில் ஓர் உறை, அதற்குள் கட்டிங் பிளேயர். உறை பெரும்பாலும் ரெக்சின். சில மாதங்களில் வாய் பிளந்துவிடும்; அவர் கிணற்றை எட்டிப் பார்க்கக் குனிந்தால் பிளேயர் முந்திக்கொண்டு உள்ளே போய்விடும். நல்ல தோலில் கையால் செய்த துப்பாக்கி உறை அப்படியில்லை. பட்டனும் வாரும் இல்லாமலே ஆயுதத்தைப் பற்றிக்கொள்ளும். தலைகீழாகக் கவிழ்த்தாலும் விடாது. துப்பாக்கி நமக்கு வேண்டாம். அதே வித்தையில் பிளேயருக்கோ, தேங்காய் வெட்டும் அருவாளுக்கோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே உறை செய்துகொள்ளலாம். அதற்கு ஏற்ற தோல், கோவையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில், ஈரோட்டில் பதனிடப்படுகிறது.

வித்தை தையலில் இல்லை. நனைந்தால் சொன்னபடி வளைந்து, காய்ந்தால் வளைந்தபடியே நின்றுவிடும் தோலில் இருக்கிறது. எல்லாத் தோலுக்கும் இந்தக் குணம் கிடையாது. கைப்பைக்கும் ஷூவின் மேல்பகுதிக்கும் போடும் மெத்தென்ற தோலை நாள் முழுக்க ஊற வைத்து அழுத்தினாலும், காய்ந்ததும் பழையபடி தொளதொளவென்று ஆகிவிடும். ஒரே மாட்டின் தோல்தான். ஒன்று உருவத்தை ஏற்கிறது, இன்னொன்று மறுக்கிறது. ஏன்?

பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நாரில் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு விடை சுலபமாகப் புரியும். தோலின் சரக்கு முழுக்க கொலாஜன் என்ற புரதம். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று புரி முறுக்கிய கயிறு. ஒரு புரியில் ஏறக்குறைய 1,000 அமினோ அமிலங்கள். கயிற்றின் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர். ஒவ்வொரு புரியிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசின், அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. மூன்று புரிகளும் நெருங்கி வரும் உட்பக்கத்தில் அதைவிடப் பெரியதற்கு இடமில்லை. இந்த அமைப்பைக் கண்டு சொன்னது கேம்பிரிட்ஜோ ஹார்வர்டோ அல்ல, சென்னைப் பல்கலைக்கழகம். ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாறில், அவர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆராய்ச்சிக்குக் கொலாஜன் மாதிரி கேட்டு அவர்கள் போனதும் அங்கேதான்.

பச்சைத் தோலில் இந்தக் கயிறுகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கும். விட்டால் அழுகும், காய வைத்தால் கயிறுகள் ஒன்றோடொன்று ஒட்டி, தட்டினால் சத்தம் போடும் அட்டையாகிவிடும். இரண்டுக்கும் நடுவே நிறுத்துவதுதான் பதனிடுவது. அதற்கு இந்தப் பக்கத்தார் கண்ட மருந்து ஆவாரம்பட்டை. மேட்டாங்காடுகளில் தானாக முளைத்து, பொங்கலுக்கு முந்தைய நாள் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டுகிறோமே, அதே ஆவாரஞ்செடியின் பட்டை. அதில் டானின் என்ற துவர்ப்புச் சத்து நிறைய உண்டு.

துவர்ப்பு ஒரு சுவை என்று நினைக்கிறோம். பாதிக்கு மேல் அது தொடு உணர்ச்சி. பாக்கைக் கடித்ததும் நாக்கு வறண்டு இழுப்பது, டானின் உங்கள் எச்சிலிலுள்ள புரதங்களைப் பிடித்துக் கட்டிவிடுவதால்தான். தன்னை மேய வரும் ஆட்டையும் பூச்சியையும் விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. புரதத்தைக் கட்டும் அதே குணத்தைத்தான் டானரிக்காரர் தொட்டியில் பயன்படுத்துகிறார். டானின் மூலக்கூறுகள் கொலாஜன் கயிறுகளின் இடுக்குகளில் புகுந்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒட்டிக்கொள்கின்றன. வாரக்கணக்கில் ஊறிய தோலின் எடையில் கால் பங்குக்கு மேல்கூடப் பட்டைச் சத்தாக இருக்கும். கடைசியில் கடுக்காய்ச் சாறு. ஆவாரம்பட்டைத் தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும். கடுக்காய் அதைத் தடுத்து இளம் மஞ்சள் பழுப்பில் நிறுத்தும்.

கைப்பைக்கும் ஷூவுக்கும் போடும் அந்த மெத்தென்ற தோலைப் பதனிடுவது பட்டையில் அல்ல, குரோம் உப்பில். அதில் உலோகம் நூற்றுக்குச் சில பங்குதான். ஆனால் அது போடும் முடிச்சு வலுவானது; தண்ணீர் அதை அவிழ்க்காது. இடுக்குகளும் நிரம்புவதில்லை. அதனால்தான் குரோம் தோல் மென்மையாக இருக்கிறது, உருவத்தையும் ஏற்க மறுக்கிறது. பட்டைத் தோலிலோ தண்ணீர் நுழைந்ததும் பல பிணைப்புகள் தற்காலிகமாக விடுபட்டு, இழைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுகின்றன. காயும்போது எங்கே நிற்கின்றனவோ அங்கேயே மறுபடி பிணைந்துகொள்கின்றன. உறை செய்பவருக்கு வேண்டியது இவ்வளவுதான்.

செய்முறைக்கு வருவோம். முதுகுப் பக்கத்துத் தோல், 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன். வயிற்றுப் பக்கம் மலிவாகக் கிடைக்கும், வாங்க வேண்டாம்; இழை தளர்ந்தது, இழுத்தால் போய்க்கொண்டே இருக்கும். வெட்டி மடித்து, குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகக் கடக்கும்படி தைக்க வேண்டும். மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்பதால், ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரியும். கைத்தையலில் ஒரு பக்கம் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும்.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் முக்குங்கள். தோலிலிருந்து காற்றுக் குமிழ்கள் புறப்படும். அவை நின்றதும் எடுத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி ராத்திரி முழுக்க வைத்தால் ஈரம் உள்வரை சமமாகப் பரவும். காலையில் வெளியே எடுத்ததும் கறுத்திருக்கும் தோல் மெல்ல வெளுக்கத் தொடங்கும். கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும், அழுத்தினால் தண்ணீர் கசியக் கூடாது. அதுதான் பருவம். பிளேயரை உள்ளே செருகி, கட்டை விரலாலும் வழுவழுப்பான மரக்கைப்பிடியாலும் அதன் விளிம்பைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வாருங்கள். ரிவெட்டின் மேடு, இரண்டு கையும் பிரியும் கவட்டை எல்லாம் தோலில் எழும்பி வரும். பிறகு நிழலில் இரண்டொரு நாள். கொங்குச் சீமை வெயில்தான் நல்லது என்று மொட்டை மாடியில் போட்டுவிடாதீர்கள். ஈரத் தோல் 80 டிகிரி அருகே சூடானால் கொலாஜனின் முறுக்கே அவிழ்ந்து, உறை சுருண்டுவிடும். வெயிலில் அவ்வளவு சூடு ஏறாது என்றாலும், வேகமாக உலர்ந்து மேற்பரப்பு கறுத்து வெடிக்கும்.

பிளேயரை வெறுமனே செருகக் கூடாது, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஈரத் தோலில் இரும்பு பட்ட இடமெல்லாம் மை கொட்டியது போல் கறுக்கும். போல் என்ன, மையேதான். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சி நம் முன்னோர் எழுதிய மையில் நடப்பதும் இரும்பும் டானினும் சேரும் இதே வினை. துடைத்தால் போகாது.

கொங்கு நாட்டில் தோல் ஒரு காலத்தில் இடுப்பில் அல்ல, கிணற்றில்தான் அதிகம் வேலை செய்தது. மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை ஏற்றத்தில் மாடுகள் வாரிச் சரிவில் இறங்கி இழுக்க, சால் என்ற நீர்ப்பாத்திரத்தின் அடியில் கட்டிய தோல் குழாய் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் பட்டைத் தோல் சீக்கிரம் நைந்துவிடும். உறைக்கு வரமாக இருக்கும் குணம் அங்கே சாபம். இதைக் கவனித்த ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர், 1903-ல் சென்னைக் கலைப்பள்ளியில் குரோம் தோல் சோதனைகளைத் தொடங்கினார். கவலைத் தோல் நீடித்து உழைக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், எண்ணெய் எஞ்சினும் பம்பும் வைத்துக் கிணற்று நீரை இறைக்கலாம் என்று மதராஸ் மாகாணத்தில் முனைந்து பரப்பியவரும் அவரே. ஒரு கையால் கவலையைப் பலப்படுத்தி, மறு கையால் அதை ஒழிக்கும் வழியைக் காட்டினார். பம்பு வந்தது, கோவை பம்பு ஊராயிற்று, கவலை மறைந்தது.

அந்தக் கவலைத் தோலைத் தைத்தவர்கள் அருந்ததியர்கள். எந்தப் பகுதித் தோல் நீளும், எது தாங்கும், எந்த ஈரத்தில் தைக்க வேண்டும் என்ற அறிவெல்லாம் அவர்கள் கையில் இருந்தது. கூலி தானியமாக அளந்து போடப்பட்டது. அவர்கள் தைத்த தோல் கிணற்றுக்குள் போய் வந்தது. அவர்கள் அந்தக் கிணற்றில் தண்ணீர் மொள்ள முடியாது. கொங்கு வேளாண்மையின் பெருமை பேசும் புத்தகங்களில் இந்த வரி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. கொலாஜனின் அமைப்பைக் கண்டவர்களின் பெயரை நாம் சொல்ல முடிகிறது. தோலின் குணங்களைக் கையால் அறிந்து வைத்திருந்த இவர்களில் ஒருவர் பெயரும் ஏட்டில் ஏறவில்லை.

பட்டைத் தோல் என்றால் மாசே இல்லை என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. குரோம் இல்லை என்பது உண்மை. ஆனால் முடி நீக்கும் சுண்ணாம்பும், பச்சைத் தோலில் போட்ட உப்பும், கறுத்த பட்டைத் தண்ணீரும் எங்காவது போயாக வேண்டும். சுத்திகரிக்காமல் விட்டால் காவிரிக்குத்தான் கேடு. ஆவாரம்பட்டையோடு டானரிகளில் சேர்ந்துகொண்ட வாட்டில் பட்டை வேறொரு கதை. மலைக்காரர்கள் சீகை என்று சொல்லும் அந்த ஆஸ்திரேலிய மரம் நீலகிரியின் புல்வெளிகளைத் தின்றுகொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டின் இந்தப் பட்டைத் தோலுக்கு வணிகப் பெயர் ஈ.ஐ. லெதர். 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்கப் போகும்போது வெட்டிய விளிம்பைப் பாருங்கள்: நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம், மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு என்றால் பெரும்பாலும் பட்டைத் தோல். சந்தேகமிருந்தால் நகத்தளவு துண்டைக் கேட்டு வாங்கி, கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். சுருங்காமல் அப்படியே கிடந்தால் கைப்பைக்கு ஆகும், உறைக்கு ஆகாது. சுருண்டு கெட்டியானால் வாங்குங்கள்.