பனியின் வேலையைச் சோலை பார்க்கிறது

போடியிலிருந்து மெட்டு ஏறி, பூப்பாறையில் தெற்கே திரும்பினால் சாந்தன்பாறை. காலை நேரத்தில் அந்தச் சாலையில் ஓடும் ஜீப்புகளில் ஏலத் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். விடுமுறை நாளென்றால் மலை பார்க்க வருகிறவர்களின் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். 2022இல் இங்கே கள்ளிப்பாறைச் சரிவில் நீலக்குறிஞ்சி பூத்தபோது ஊர் கொள்ளாத கூட்டம். வந்தவர்கள் மலையைப் பார்த்தார்கள், பூவைப் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். வழியில் குறுக்கிட்ட ஓடைகளைக் குனிந்து பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

குலு, மணாலி பக்கம் போய்வந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. “அங்கே ஆற்றங்கரையில் ட்ரவுட் மீன் பிடிக்க விடுகிறார்கள், பிடித்ததைப் பொரித்தும் தருகிறார்கள். இங்கேயும் மலைதானே, குளிர்தானே, ஓடைதானே? இங்கே ஏன் அது இல்லை?”

சாந்தன்பாறையில் இல்லை. ஆனால் இதே இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு மேலே இரவிகுளம் புல்வெளிகளில் இருக்கிறது. அடுத்தடுத்த மலைகள், ஒன்றில் அந்த மீன் வாழ்கிறது, மற்றொன்றில் வாழாது. காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் சொல்லிவிடலாம்.

மேலே போகப் போகக் காற்று குளிரும். கிலோமீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி. நம் அட்சரேகையில் கடலோரத்தின் ஆண்டுச் சராசரி வெப்பம் 27 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். மண்ணுக்குள்ளிருந்து ஊறிவரும் சுனைநீர், ஏறக்குறைய அந்த இடத்தின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பத்தையே கொண்டிருக்கும். ஆக, இரவிகுளம் மேட்டின் 2,000 மீட்டர் உயரத்தில் ஊற்றுநீர் 14 டிகிரி. ஏலம் நன்றாக விளையும் 1,100 மீட்டரில் 20 டிகிரி. தேனிச் சமவெளியில் 25க்குக் குறையாது. ரெயின்போ ட்ரவுட் நன்றாகத் தின்று வளர்வது 10 முதல் 18 டிகிரி வரை. இருபதைத் தாண்டினால் தீனியைக் குறைத்துக்கொள்ளும். 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. சாந்தன்பாறைக்கு மேலே நிற்கும் மதிகெட்டான் சோலையின் உச்சிகூட 1,600 மீட்டரைச் சற்றுத் தாண்டி முடிந்துவிடுகிறது. அங்கிருந்து இறங்கி ஓடும் நீர் சீக்கிரமே இருபது டிகிரியை நெருங்கிவிடும்; ட்ரவுட் ஓடி விளையாட அந்தக் குளிர் போதாது.

இந்த மீன் ஏன் இத்தனை கறாராக இருக்கிறது? விஷயம் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனில் இருக்கிறது. கடல்மட்டத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்கு 11 மில்லிகிராம் அளவு ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். அதே நீர் 30 டிகிரிக்குச் சூடேறினால் ஏழரைதான் தங்கும். மறுபக்கம், மீன் குளிர் ரத்தப் பிராணி. நீர் சூடேற அதன் உடம்பும் சூடேறும். பத்து டிகிரி கூடினால் அதன் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். வரவு குறையும்போது செலவு ஏறுகிறது. உயரமும் தன் பங்குக்கு ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது: 2,000 மீட்டரில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, நீரில் கரையும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டுவது பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் வேகம். ட்ரவுட் எப்போதும் எதிர்நீச்சலில், வாயை ஓட்டத்துக்குக் காட்டி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், சாப்பாடு அந்தப் பக்கமிருந்துதான் மிதந்துவரும்.

சால்மன் குடும்பத்து மீன் இது. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே முள்ளில்லாத சின்னக் கொழுப்புத் துடுப்பு ஒன்று அந்தக் குடும்பத்தின் அடையாளம். ரெயின்போ ட்ரவுட்டின் பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும். அதன் சொந்த ஊர் வட அமெரிக்காவின் மேற்குக் கரையும் ரஷ்யாவின் கம்சாத்காவும். உடம்பில் சிவப்புப் பொட்டு வைத்த பிரவுன் ட்ரவுட் ஐரோப்பாவைச் சேர்ந்தது. நீலகிரிக்கோ மூணாறுக்கோ காஷ்மீருக்கோ இவற்றில் எதுவும் தானாக வந்ததில்லை. எல்லாம் துரைமார் கொண்டுவந்தவை.

கொண்டுவந்த கதை எளிதானதும் அல்ல. உயிருள்ள மீனை மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவர முடியாது, முட்டையைக் கொண்டுவரலாம். ட்ரவுட் முட்டை பட்டாணியைவிடச் சிறியது. 10 டிகிரி நீரில் ரெயின்போ முட்டை சுமார் ஒரு மாதத்தில் பொரிக்கும். 5 டிகிரியில் இரண்டு மாதத்துக்கு மேலாகும். குளிரைக் கூட்டினால் காலத்தை நீட்டலாம் என்பதுதான் இதில் சூட்சுமம். 1864இல் ‘நார்ஃபோக்’ என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து சால்மன், ட்ரவுட் முட்டைகளை ஈரப்பாசியில் பொதிந்து, ஐஸ் அறையில் வைத்து டாஸ்மேனியாவுக்காக ஆஸ்திரேலியா கொண்டுபோய்ச் சேர்த்தது. வழியிலேயே பொரித்துவிடாமல் முட்டைகளைத் தூங்கவைத்தது அந்த ஐஸ்தான். முட்டைக்குள் இரண்டு கருப்புக் கண்கள் தெரியத் தொடங்கும் பருவத்தில் அது அசைவையும் பயணத்தையும் தாங்கும் என்பதும் பிறகு மீன்பண்ணைகளின் பாலபாடமாயிற்று.

நம் பக்கம் முதலில் முயன்றவர் ஃபிரான்சிஸ் டே. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து, பிறகு இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூலே எழுதியவர். 1863இல் நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவர அவர் செய்த முயற்சி பலிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் போய், எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகே நீலகிரி ஓடைகளில் ரெயின்போ ட்ரவுட் நிலைகொண்டது. இலங்கையில் 1882இலேயே பிரவுன் ட்ரவுட் வந்துவிட்டது. ஆனால் ஓர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் தானே முட்டையிட்டுப் பெருகியது பின்னால் வந்த ரெயின்போதான். காஷ்மீருக்கு 1899இல் அனுப்பிய முதல் சரக்கு முழுவதும் அழிந்தது. மறு ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்தது பிழைத்தது. அந்த வழியில் வந்த முட்டைகள்தாம் 1909இல் குலுப் பள்ளத்தாக்கின் மஹிலிப் பொரிப்பகத்துக்குப் போயின. மூணாறிலும் இதே வரிசைதான். முதலில் விட்ட பிரவுன் ட்ரவுட் நிற்கவில்லை. பிறகு வந்த ரெயின்போ நின்றது. தேயிலைத் தோட்டத் துரைமார் தூண்டில்காரர்களுக்கென்று ஒரு சங்கமே வைத்து, ராஜமலையில் குஞ்சு பொரிக்கவைத்து, மேட்டு ஓடைகளிலும் ஏரிகளிலும் விட்டார்கள்.

இங்கேதான் இமயத்துக்கும் இடுக்கிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். இமயத்து ஆறுகளான பியாஸுக்கும் தீர்த்தனுக்கும் லித்தருக்கும் குளிர்ச்சி கொடுப்பதில் உருகும் பனிக்குப் பெரும்பங்கு உண்டு. பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து டிகிரியில் இருக்கும் இரவிகுளத்தில் உறைபனி ஜனவரி விடியலில் புல்நுனியில் வெள்ளையாகப் படியும்; வெயில் ஏறியதும் காணாமல் போகும். அதை நம்பி ஓர் ஓடை ஓட முடியாது. கோடையிலும் ஓடை ஓட வேண்டும், அதுவும் குளிர்ந்து ஓட வேண்டும். பனி செய்கிற அந்த வேலையை இங்கே பார்ப்பது சோலையும் புல்வெளியும்.

மலைமடிப்புகளில் குட்டை மரங்கள் கிளைகோத்து நிற்கும் சோலைக்குள் நடந்தால், பாதம் சருகில் அழுந்தும். அடியில் கருத்த, பொதபொதவென்ற மண். தென்மேற்குப் பருவத்தில் கொட்டும் மழையை அது உறிஞ்சிக்கொண்டு, மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடுகிறது. மழை இல்லாத நாட்களில் மேகம் மரத்தில் உரசிப் பாசியிலும் இலையிலும் நீராகச் சொட்டுகிறது. மண்ணுக்குள் இருந்து வரும்போதே 14 டிகிரியில் வரும் நீர் வெயிலில் சூடேறாதபடி மேலே பந்தல் போட்டிருப்பதும் அதே மரங்கள். பந்தலை எடுத்துவிட்டால் ஊற்றின் குளிர் ஓடையில் வெகுதூரம் தாங்காது. தேயிலை உலர்த்தும் அடுப்புக்கென்று வைத்த கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் மரங்கள் இந்த மலைகளில் வேகமாக வளர்ந்து, வேகமாக நீரையும் குடித்தன. பச்சையாக இருப்பதெல்லாம் சோலையின் வேலையைச் செய்துவிடாது.

குளிருக்கு அடுத்து ட்ரவுட் கேட்பது சுத்தமான கூழாங்கல். பெண் மீன் வாலால் சரளையைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். கல்லிடுக்கு வழியாக நீர் ஓடும்வரை முட்டைக்கு மூச்சுண்டு. மேலே சாலைக்கு மண் வெட்டினாலோ, சரிவை உழுதாலோ கரைந்துவரும் வண்டல் அந்த இடுக்குகளை அடைத்துவிடும். முட்டைகள் மூச்சுமுட்டிச் சாகும். ஓடை பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும்.

இந்த மீனைத் தூண்டிலில் பிடிப்பதும் ஒருவகைப் பௌதிகப் பாடம். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டச் சன்னலுக்குள் அடங்கிவிடுகிறது. ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால் ஏற்படும் இந்தக் கூம்பின் விரிவு சுமார் 97 டிகிரி. அதற்கு வெளியே நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் கண்ணாடிபோல ஓடையின் தரையையே திருப்பிக் காட்டும். கரையில் நிமிர்ந்து நிற்பவர் அந்தச் சன்னலின் ஓரத்தில் தெரிந்துவிடுவார். குந்தி உட்கார்ந்தவர் ஏறக்குறைய மறைந்துவிடுவார். அதனால்தான் தேர்ந்த தூண்டில்காரர் மீனுக்குப் பின்னால், கீழ்ப்பக்கமிருந்து குனிந்தே வருவார். தூண்டிலில் புழு இருக்காது. இறகும் நூலும் சுற்றி, நீரில் பிறந்து மேலே வந்து ஈசல்போலச் சிறகு விரிக்கும் பூச்சிகளின் சாயலில் செய்த பொய்ப்பூச்சி இருக்கும். எந்த மாதத்தில் எந்தப் பூச்சி வெளிவரும் என்று தெரியாதவருக்கு ட்ரவுட் அகப்படாது. இமாசலத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி இறுதி வரை ட்ரவுட் பிடிக்கத் தடை; அது முட்டையிடும் காலம்.

இத்தனை அழகான மீனுக்கு இன்னொரு முகமும் உண்டு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் நிபுணர்கள் தொகுத்த, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் ரெயின்போ, பிரவுன் இரண்டும் இருக்கின்றன. வேட்டை மீன் இது. பூச்சி, தலைப்பிரட்டை, இறால், சிறு மீன் எதையும் விடாது. துரைமார் முட்டையோடு வந்தபோது நம் ஓடைகளை வெற்றுத் தண்ணீராகவே பார்த்தார்கள். ஆனால் அவை காலியாக இல்லை. இமயத்து ஆறுகளில் அசேலா என்ற பனிக்கெண்டை காலகாலமாக இருந்தது. நம் மலைகளிலோ, தாடையடியில் ஒட்டுறிஞ்சி வைத்துப் பாறையைப் பற்றிக்கொண்டு வெள்ளத்தில் நிற்கும் மீன் உண்டு, மலையாளத்தில் கல்லேமுட்டி. ஓணான்போலத் தட்டையாகக் கல்லோடு படிந்து வாழும் சின்ன மீன்களும் உண்டு. தூண்டிலில் துள்ளி விளையாட்டுக் காட்டாததால் இவற்றுக்குச் சங்கமும் இல்லை, பொரிப்பகமும் இல்லை.

இதைவிடப் பெரிய முரண் ஒன்று, இரவிகுளத்தின் உச்சியான ஆனமுடிக்குக் கிழக்கே ஓடுகிறது. அந்தச் சரிவுகளில் பிறக்கும் பாம்பாறு மறையூர், சின்னாறு வழியாக இறங்கி அமராவதி அணைக்கு வந்து காவிரியோடு சேர்கிறது. அந்தப் பாம்பாற்றில் கண்டெடுத்த ஒரு மகசீர் மீனுக்கு இந்த நூற்றாண்டில்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள்: டோர் ரேமாதேவி. மீனியல் ஆய்வாளர் ரேமா தேவியின் பெயர். காவிரியில் தூண்டில்காரர்கள் நூறாண்டுக்கு மேலாக வியந்துவந்த, ஆளுயரம் வளரக்கூடிய திமில் மகசீரும் இதுவும் ஒரே இனம் என்று 2018இல்தான் உறுதியாயிற்று. அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகவும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. அதன் சரிவுக்கு ஒரு காரணம், வெளியிலிருந்து கொண்டுவந்து காவிரியில் விட்ட இன்னொரு வகை மகசீர். ஒரே மலையின் தலையில் கடல்கடந்து வந்த விருந்தாளிக்குப் பண்ணை வைத்துச் சோறு போட்டோம். அதன் காலடியில் நின்ற சொந்த மீனுக்குப் பெயர் வைக்கவே இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

விருந்தாளியின் இடமும் இனி நிச்சயமில்லை. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அதே குளிரைத் தேடி சுமார் 150 மீட்டர் மேலே போக வேண்டும். இமயத்தில் ஏறிப்போக இன்னும் மலை இருக்கிறது. இங்கே ஆனமுடி 2,695 மீட்டரில் முடிந்துவிடுகிறது. உச்சியில் ஓடையும் கிடையாது. ட்ரவுட் போனால் போகட்டும் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதை விரட்டும் சூடு, அதே நீரில் வாழும் நம் மீனையும் தவளையையும் தொடாமல் விடாது. வாய்பேசாத வெப்பமானிபோல ட்ரவுட் முதலில் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான்.

இரவிகுளம் மேட்டுக்குச் சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. ராஜமலைவரை போய் வரையாடு பார்த்துத் திரும்பலாம். ட்ரவுட்டைப் பார்க்க முடியாதே என்று வருந்த வேண்டாம். சாந்தன்பாறைக்கு மேலே மதிகெட்டானில் பிறந்து பன்னியாற்றில் சேரும் ஓடைகளில் ஒன்றின் பெயர் ஞண்டாறு. ஞண்டு என்றால் நண்டு. யாரோ ஒருவர் என்றோ குனிந்து பார்த்ததால் வந்த பெயர். அடுத்தமுறை அந்தப் பக்கம் போகும்போது ஏதாவதொரு பாலத்தில் வண்டியை நிறுத்தி, தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். கை சில்லிட்டால், மேலே சோலை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.