அடுப்படிக்கு வந்த நிர்வாகம்

என் நாத்தனார் மகள் எம்.பி.ஏ. படிக்கிறாள். பரீட்சைக்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது சாப்பாட்டு மேஜை முழுக்க அவள் புத்தகங்கள்தான். ஒருநாள் கரண்டியும் கையுமாக நின்றபடியே ஒன்றைப் புரட்டினேன். "அத்தை, அது கம்பெனி நிர்வாகம். உங்களுக்கு போரடிக்கும்" என்றாள். போரடிக்கவில்லை. செங்கல் அடுக்குகிறவரின் முதுகு வலியைப் பற்றி அதில் ஒரு பக்கம் இருந்தது. எனக்கோ இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு குனிந்தால் நிமிர முடியாத முதுகு!

நிர்வாகவியலின் தந்தை என்று அமெரிக்காவின் ஃப்ரெடரிக் டெய்லரைச் சொல்கிறார்கள். தொழிலாளி பக்கத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு ஆள் நின்று, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று அளப்பது அவர் முறை. யாருக்குப் பிடிக்கும், சொல்லுங்கள்? 1911-இல் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் இதை எதிர்த்து வேலைநிறுத்தமே நடந்தது.

ஃப்ராங்க் கில்பிரெத் வேறு மாதிரி. பதினேழு வயதில் கொத்தனாரிடம் வேலை பழகப் போனவர். ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஆள் தன் முழு உடம்பையும் குனிந்து நிமிர்த்துகிறானே என்று அவருக்குத் தோன்றியது. செங்கல்லை இடுப்பு உயரத்தில் வைக்கிற சாரம் ஒன்றைச் செய்தார். ஒரு கல்லை வைக்க 18 அசைவு ஆனது, ஏறக்குறைய ஐந்தாகக் குறைந்தது. ஓடச் சொல்லவில்லை, வீண் அசைவை எடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

இனி அவர் மனைவி கதைக்கு வருகிறேன். லில்லியன் கில்பிரெத் மனோதத்துவம் படித்தவர். வேலை செய்கிறவருக்கும் மனசு உண்டு, களைப்பு உண்டு என்று நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். 1914-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். எழுதியவர் பெண் என்று தெரிந்தால் விற்காது என்று பதிப்பாளர் 'எல்.எம்.' என்ற இனிஷியலோடு அச்சிட்டார்! பன்னிரண்டு குழந்தைகள் பெற்றவர். ஒன்று சிறு வயதிலேயே தொண்டை அடைப்பான் நோயில் போய்விட்டது.

1924 ஜூனில் ஃப்ராங்க் மாரடைப்பில் திடீரென்று இறந்தார். மூத்தவளுக்குப் பதினெட்டு. கடைசிக் குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. சில நாட்களிலேயே லில்லியன் கப்பலேறி ஐரோப்பா போய், கணவர் பேச வேண்டிய மாநாட்டில் பேசிவிட்டு வந்தார். திரும்பி வந்தால், பல கம்பெனிகள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பெண்பிள்ளை என்ஜினீயர்களுக்கு யோசனை சொல்வதா என்ற எண்ணம்தான். பதினொரு வயிறு நிரம்ப வேண்டுமே!

பெண்ணுக்கு என்ன தெரியும் என்றவர்கள், அடுப்படி அவளுக்குத் தெரியும் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். அந்த வழியாகவே நுழைந்தார். (வேடிக்கை என்னவென்றால், அவர் சமையலில் கெட்டிக்காரர் இல்லையாம்!) அடுப்பும் மேடையும் ஒட்டி, சாமான் கைக்கெட்டும் உயரத்தில், பாத்திரம் கீழே, ஃப்ரிட்ஜ் ஓரடி தூரத்தில் என்று ஒரு சமையலறையை 1929-இல் அமைத்துக் காட்டினார். மேடை, அதில் நின்று வேலை செய்கிறவளின் உயரத்துக்குத் தக்கபடி இருக்கவேண்டும் என்றார். சாதாரண சமையலறையில் ஒரு கேக் செய்ய 281 அடி நடந்தவர்கள், இவர் அமைப்பில் அதே கேக்குக்கு 45 அடிதான் நடந்தார்கள். காலால் மிதித்தால் திறக்கும் குப்பைத் தொட்டியும், ஃப்ரிட்ஜ் கதவுக்குள் இருக்கும் தட்டுகளும் இவர் யோசனைதான் என்கிறார்கள். 1935-இல் பர்டியூ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது.

படித்த மறுநாள் என் காலை நேரக் காப்பியை எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேருக்குக் காப்பி போட 62 அடி! ஃப்ரிட்ஜ் கூடத்தில், சர்க்கரை பரணுக்குக் கீழே, டம்ளர் எதிர்ச் சுவரில். "என்னம்மா இது, அடுப்படியில அடி அளந்துக்கிட்டிருக்கே?" என்றார் மாமியார். நாத்தனார் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் பையனும் ஃப்ரிட்ஜை உள்ளே நகர்த்தினார்கள். டம்ளர்கள் அடுப்புக்குப் பக்கத்தில் வந்தன. தினமும் எடுக்கிற டப்பாக்களை இடுப்பு உயரத்துக்கு இறக்கி, தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் முறுக்கு அச்சை மேலே ஏற்றினேன். இப்போது 19 அடி. முதுகு வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். டாக்டர் சொன்ன பயிற்சியும் செய்கிறேன். ஆனால் பத்து மணிக்கு ஒரு தரம் படுக்க வேண்டியிருந்ததே, அது இல்லை.

அரிவாள்மணையையும் மேடைக்கு மாற்றலாம் என்று கத்தி, பலகை வாங்கி வந்தேன். மாமியார் ஒரு கத்தரிக்காயை நறுக்கிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் பலகையில் பாதி நறுக்குவதற்குள் அவர் மணையில் கால் கிலோவை முடித்திருந்தார்.

அரிவாள்மணை அதன் இடத்திலேயே இருக்கிறது.