பாதையில் பங்கா, பணத்தில் பங்கா?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒருவர் தன் ஸ்னோமொபைலுக்கு, அதாவது பனிமேல் ஓடும் வண்டிக்கு, பெட்ரோல் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலனுக்கு, அதாவது மூன்றே முக்கால் லிட்டருக்கு, 18.4 சென்ட் மத்திய அரசு வரி. ஆனால் அந்த வண்டி நெடுஞ்சாலைப் பக்கமே போகாது.

அந்த வரியில் ஏறக்குறைய எல்லாமே போய்ச் சேருவது நெடுஞ்சாலை நிதிக்கு. கோயில் உண்டியல் மாதிரிதான் அது: விழுந்த காசு அந்தக் கோயில் காரியத்துக்கே. அப்படியானால் காட்டுக்குள் வண்டி ஓட்டுகிறவருக்கு என்ன கிடைத்தது? இந்த நியாயமான கேள்விக்கு 1991-இல் ஒரு சட்டம் வழி சொன்னது. இப்படி வந்த வரியில் ஒரு பகுதி பொழுதுபோக்குப் பாதைகளுக்குத் திரும்பி வர ஏற்பாடானது.

அந்தப் பாதைகளில் மோட்டாரும் போகலாமா? இங்கேதான் எல்லோரும் இடறுகிறோம். “வரி என்னுடையது, எந்தப் பாதையிலும் போவேன்” என்கிறார் வண்டிக்காரர். “பாதை பொதுவானது, மோட்டாருக்கு இங்கே என்ன வேலை?” என்கிறார் நடக்கிறவர். பங்கு ஒவ்வொரு பாதையிலும் இருப்பதாக இருவருமே நினைக்கிறார்கள். சட்டம் பங்கு பிரிப்பது பணத்தை.

கணக்கைப் பார்ப்போம். ஒரு மாநிலத்துக்கு வரும் தொகையில் குறைந்தது 30 சதவீதம் மோட்டார் பாதைகளுக்கு. இன்னொரு 30 சதவீதம் நடை, குதிரை, சைக்கிள் போன்றவற்றுக்கு; மோட்டார் சக்கர நாற்காலியில் வரும் மாற்றுத்திறனாளியும் இந்தக் கணக்கில் நடந்து வருகிறவராகவே கருதப்படுகிறார். மீதி 40 பலவகைப் பயன்பாட்டுக்கு. கோடையில் நடப்பவர்களும் குளிர்காலத்தில் ஸ்னோமொபைல்களும் போகும் ஒரே பாதை இதற்கு நல்ல உதாரணம். ஆக, வண்டிக்காரரின் வரியில் முழுக்க முழுக்க நடைபாதை ஒன்று உருவாவதும் முறைதான்.

சரி, எந்தப் பாதையில் எது ஓடலாம் என்று யார் முடிவு செய்வது? அந்த நிலத்தை நிர்வகிக்கிறவர்கள். மத்திய அரசு நிலங்களுக்கு 1972-இல் அதிபர் நிக்சன் போட்ட உத்தரவு அளவுகோல் தந்தது: மண், நீர்ப்பிடிப்பு, செடிகொடி, விலங்குகள் இவற்றுக்குச் சேதம் குறைய வேண்டும், பாதையைப் பயன்படுத்துகிறவர்களுக்குள் மோதலும் குறைய வேண்டும்.

ஆகவே ஈரச் சரிவொன்றில் மோட்டார் சைக்கிளை விடுவதா என்று பேச்சு வந்தால், கேட்க வேண்டியது இதுதான்: டயர் பதிந்த தடத்தில் மழைநீர் வாய்க்கால் பிடித்து மண்ணை அரிக்குமா? பெட்ரோல் ரசீதை நீட்டுவது இதற்குப் பதிலாகாது.