கயிறும் கந்தல் துணியும்



இறைவாக்கினர் எரேமியாவைச் சேறு நிறைந்த பாழ்ங்கிணற்றில் இறக்கிவிட்டார்கள். அவருக்காக அரசரிடம் சென்று பேசியவர் எபேது மெலேக்கு என்ற எத்தியோப்பியர். நடந்தது தீச்செயல் என்று நேராகவே சொன்னார். பிறகு கயிற்றோடு பழைய கந்தல் துணிகளையும் கிணற்றுக்குள் இறக்கி, அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னார் (எரே 38). கயிறு அவரை அறுத்துவிடக் கூடாதே என்ற அக்கறை!

ஒடுக்கப்பட்டோருக்குத் துணைநிற்பது என்றால் இந்த இரண்டும்தான்: அதிகாரத்தின் முன் வாய் திறப்பது, தூக்கிவிடும் கையே காயப்படுத்தாமல் பார்ப்பது.

1950 ஆகஸ்டு 10-இல் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியலின உரிமையை மறுத்தது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் அந்தக் கதவு திறந்தது. நம்மவருக்கு இன்னும் திறக்கவில்லை. எனவே ஆகஸ்டு 10-ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம்.

அரசிடம் நீதி கேட்கும் நாம், நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டாமா? கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் நிற்கும் ஊர்கள் உண்டு. திருவிழாத் தேர் நுழையாத தெருக்கள் உண்டு. மனுவில் கையெழுத்திடுவது எளிது. திருவிழாக் கூட்டத்தில், "அந்தத் தெருவுக்கும் தேர் போகட்டும்" என்று அடுத்த தெருக்காரர் எழுந்து சொல்வதுதான் கடினம். சொன்னால் சொந்தக்காரர்களே முகம் திருப்புவார்கள். துணைநிற்பதன் விலை அது.

உதவிவிட்டு மேடையில் சொல்லிக்காட்டினால், துணி இல்லாத கயிறு அது. அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம், கூட நிற்போம்.

அந்தத் துணிவையும் கனிவையும் ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.