கோரையும் பாயும்

கூரை வேயவும் கயிறு திரிக்கவும் உதவும் புல்வகைகள் நம் நாட்டில் பல உள. ஆயினும், துணிபோல் மடித்து வைக்கத்தக்க பாயை நெய்வதற்குக் கோரையே சிறந்தது. திருநெல்வேலியை அடுத்த பத்தமடையின் நயப்பாயும், மேற்கு வங்கத்து மேதினிப்பூர்ப் பகுதியின் ‘மஸ்லந்து’ பாயும் இதற்குச் சான்று. இரண்டிற்கும் மூலப்பொருள் சைப்பெரஸ் பங்கோரி என்னும் ஒரே செடியாகும்.

கோரையை நாம் புல் என்று வழங்கினும், தாவர நூலார் அதனைத் தனிக் குடும்பத்தில் சேர்ப்பர். இவ்வேறுபாட்டை ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே காட்டலாம். புல்லின் தண்டு ஒன்றையும் கோரைத் தண்டு ஒன்றையும் மாணவர் விரலிடையே உருட்டிப் பார்க்கட்டும். புல் எளிதில் உருளும்; அதன் கணுக்கள் விரலில் தட்டும். கோரையோ மூன்று பட்டைகள் உடையது. அடி முதல் பூங்கொத்து வரை அதில் கணுவே இராது. ஆதலின் நீளவாக்கில் கிழிக்கும்போது இடையில் முறியாமல் சீரான இழையாகப் பிரிகிறது. கோரை நெசவுக்கு ஏற்றதாயிருப்பதன் இரகசியம் இதுவே.

தண்டைக் குறுக்கே அறுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குக. வெளித்தோலை ஒட்டி வலிய நார்கள் நெருங்கியிருக்கும். உள்ளே காற்றறைகள் மலிந்த மென்மையான சோறு இருக்கும். புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என வகுத்த தொல்காப்பியரின் கூர்நோக்கு இங்கு நினைவுக்கு வருகிறது. ஈரநிலத்தில் வளரும் செடியின் வேருக்குக் காற்று சென்றடைய இச்சோறு உதவுகிறது. நெசவாளருக்கோ அதுவே பகை. அது ஈரத்தைத் தேக்கிப் பூஞ்சணத்துக்கு இடந்தரும்.

எனவே கோரையைப் பசுமையாக அறுத்து, கிழித்து, சோற்றை நீக்கி, வெயிலில் உலர்த்துகின்றனர். பத்தமடையில் நயப்பாய்க்கு வேண்டிய கோரையை ஓடும் நீரில் சில நாள் ஊறவைத்து, மேலும் மெல்லிய இழைகளாகக் கிழிப்பர். பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாகவும், கோரை இழை ஊடையாகவும் அமையும்.

ஆகவே பாயின் நயம் தறியில் ஏறுமுன்பே பெரிதும் முடிவாகிவிடுகிறது. இயந்திரத்தில் விரைந்து உருவாகும் பிளாஸ்டிக் பாயுடன் விலையில் போட்டியிட்டுக் கைப்பாய் வெல்ல இயலாது. தரத்தால்தான் அது நிலைக்க வேண்டும். பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. மேதினிப்பூர்ப் பாய்க்கும் 2018-இல் அது கிடைத்தது. ஆனால் ஈரம் போகாமல் கட்டிய கோரையை எந்தக் குறியீடும் காப்பாற்றாது.

களப்பணியாளர் புதிய தறியைப் பற்றிப் பேசுமுன் மூன்றைக் கவனிப்பாராக: மழையில்லா நாளில் அறுவடை, நன்கு உலர்ந்த பின்னரே கட்டுதல், தரையில் படாமல் அடுக்குதல். இவற்றுக்குச் செலவு சிறிது. இவை தவறினாலோ நெசவாளரின் பல நாள் உழைப்பு வீணாகும்.