ஒரே புற்று, இரண்டு ராணிகள்

இந்தியச் சமவெளிகளில் ஆளுயரத்துக்கு மண் கோபுரம் எழுப்பும் கரையானுக்கு ஓடோன்டோடெர்மெஸ் ஒபீசஸ் என்று பெயர். அந்தப் புற்றை வெட்டிப் பார்த்தால் சில சமயம் இன்னொரு இனமும் உள்ளே குடியிருக்கும்: மைக்ரோடெர்மெஸ் ஒபீசி. கரையான் விட்டுப்போன புற்றில் பாம்பு நுழையும் கதையல்ல இது. கட்டியவர்களின் ராணி உள்ளே முட்டையிட்டுக்கொண்டிருக்கும்போதே, சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு ராணி.

மழைக்குப் பின் கிளம்பும் ஈசல்கள் தரையிறங்கிச் சிறகுதிர்த்து, ஜோடியாக மண்ணைத் தோண்டிக் குடும்பம் தொடங்கும். தோண்டிய இடம் புற்றின் ஓரமாக இருந்தால் அந்தத் தடித்த சுவரே புதுக் குடும்பத்துக்கும் வீடு. முன்பே மண்ணுக்கடியில் இருந்த சிறு கூட்டைப் பெரிய புற்று வளர்ந்து சூழ்ந்துகொள்ளவும் கூடும்.

சமாதானம் சுவர் இருக்கும்வரைதான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் உடல் மேலுள்ள மெழுகில் தனி வாசனை உண்டு. சுவர் உடைந்தால் சிப்பாய்கள் அந்நியரை மோப்பம் பிடித்துக் கடிக்கும்.

எனக்குப் பெரிய வியப்பு இவற்றின் விவசாயம். இரண்டுமே பூஞ்சை வளர்த்து உண்பவை. ஆனால் விதை வரும் வழி வேறு. ஓடோன்டோடெர்மெஸில், புதுக்கூட்டின் முதல் வேலைக்காரர்கள் வெளியே போய் பூஞ்சை வித்துகளைத் தேடிக் கொண்டுவர வேண்டும். மழையில் புற்றின் மேல் முளைக்கும் காளான்கள்தான் அவற்றைத் தூவுகின்றன. மைக்ரோடெர்மெஸில் பெண் ஈசலே பிறந்த கூட்டிலிருந்து வித்தை வயிற்றில் சீதனமாகச் சுமந்து வருகிறது. ஒரே புற்றில் இரண்டு தோட்டம், இரண்டு வம்ச விதை.

இந்த இரண்டு இனங்களையும் வெறும் கண்ணால் பிரிப்பது கடினம். வேலைக்காரக் கரையான்கள் எல்லாம் ஒன்றுபோல வெளிறியிருக்கும். இனத்தைச் சொல்வது பெரும்பாலும் சிப்பாயின் தலையும் தாடையும்தான். 1916இல் தொடங்கிய, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வு மையத்தில் எம். எல். ரூன்வாலும் ஓ. பி. சோட்டானியும் பல ஆண்டுகள் இந்தத் தலைகளை அளந்து இனம் பிரித்தார்கள். இந்தியக் கரையான்கள் பற்றிய அவர்களுடைய தொகுதி 1989இல் வெளியானது. அத்தகைய பொறுமையான உழைப்பு இல்லாவிட்டால் இரண்டாவது குடும்பம் நம் கண்ணில் படவே படாது.

வேறு நாடுகளில் உறவு இன்னும் நெருக்கம். ஆஸ்திரேலியாவின் இன்கோலிடெர்மெஸ் என்ற கரையான், கோப்டோடெர்மெஸ் என்ற வேறொரு கரையானின் கூட்டைத் தவிர வேறெங்கும் வாழாது. அதன் ஈசல்கள் பறந்து செல்வதும் வீட்டுக்காரர் திறக்கும் வாசல் வழியாகவே.

நம் வயல்களில் மைக்ரோடெர்மெஸ் ஒபீசி கோதுமையையும் கரும்பையும் தாக்கும் பூச்சி. ஆகவே புற்றில் மாதிரி எடுப்பவர்கள் ஒரே அறையோடு நிறுத்தாமல், வெவ்வேறு அறைகளிலிருந்து சிப்பாய்களைத் தனித்தனிக் குப்பிகளில் சேகரிக்க வேண்டும்.