1, 2, அடுத்து என்ன?

தம்பி தங்கைகளே, முதலில் ஒரு கேள்வி. எம்-1, எம்-2... அடுத்து என்ன வரும்?

"எம்-3! இதெல்லாம் ஒரு கேள்வியா சித்தப்பா?" என்றாள் ஏழாம் வகுப்பில் படிக்கும் என் அண்ணன் மகள். நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் விடை எம்-4.

நான் கேட்டது மேக் மினி என்ற கம்ப்யூட்டரைப் பற்றி. ஆப்பிள் நிறுவனம் தயாரிப்பது. பெயருக்கேற்ற சின்னப் பெட்டி. திரை, கீபோர்டு, மவுஸ் எதுவும் அதோடு வராது. நாம்தான் வாங்கி இணைத்துக்கொள்ள வேண்டும். 2020 நவம்பரில் வந்த மினிக்குள் எம்-1 என்ற சிப் இருந்தது. 2023 ஜனவரியில் எம்-2 வந்தது. 2024 அக்டோபரில் எம்-4. இடையில் எம்-3 என்றும் ஒரு சிப் உண்டு. அது வேறு கம்ப்யூட்டர்களுக்குப் போனது. மினிக்குள் வரவே இல்லை.

புது மினி வரப்போகிறது என்றாலே உலகம் முழுக்க ஊகம் கிளம்பிவிடும். பெட்டி சின்னதாகுமா, வேகம் கூடுமா, விலை ஏறுமா என்று மாதக்கணக்கில் பேசுவார்கள். இதெல்லாம் வெட்டிப்பேச்சு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் ஊரில் வயதான விவசாயிகள் சாயங்கால வானத்தைப் பார்த்து, "இன்னைக்கு ராத்திரி மழை இருக்கு" என்பார்கள். ஏன் என்று கேட்டால் காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, மேகம் எங்கே கட்டியிருக்கிறது என்று விளக்குவார்கள். சில நாள் மழை பொய்க்கும். இருந்தாலும் அந்தப் பேச்சில் படிக்க நிறைய இருக்கும். கம்ப்யூட்டர் ஊகத்தையும் அப்படி ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் இயற்பியலில் கொண்டுபோய் விடும். வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

பழைய செய்தித்தாள், கத்தரிக்கோல், அடிக்கோல் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சதுரங்கள் வெட்ட வேண்டும். முதல் சதுரத்தின் பக்கம் 16.5 செ.மீ. இரண்டாவது 19.7 செ.மீ. மூன்றாவது 12.7 செ.மீ. மினியின் இதுவரையிலான மூன்று உடல்களும் இவைதான். முதலாவதை 2005 ஜனவரி 11 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஆப்பிளை நடத்திய ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டினார். உயரம் 5.1 செ.மீ. இரண்டாவது 2010இல் வந்தது, உயரம் 3.6 செ.மீ. மூன்றாவது 2024இல், உயரம் 5 செ.மீ.

இப்போது கன அளவைக் கண்டுபிடியுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் போதும். முதல் பெட்டி ஏறக்குறைய 1,390 கன செ.மீ. இரண்டாவது ஏறக்குறைய 1,400. மூன்றாவது வெறும் 806.

முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! ஒரு லிட்டர் பாட்டிலும் இன்னும் கொஞ்சமும். முதல் தடவை போட்டபோது எங்கோ பிசகிவிட்டது என்று நினைத்து இன்னொரு தடவை பெருக்கிப் பார்த்தேன். பிசகவில்லை. அப்படியானால் ஐந்து வருடத்தில் பெட்டி கொஞ்சமும் சுருங்கவில்லையா? இங்கேதான் கவனிக்க வேண்டும். 2005 பெட்டிக்கு மின்சாரம் கொடுக்க அடாப்டர் ஒன்று தனியாகத் தரையில் கிடக்கும். செங்கல் மாதிரி வெள்ளையாக இருக்கும். 2010 பெட்டி அதைத் தன் வயிற்றுக்குள் எடுத்துக்கொண்டது. பார்வைக்கு அதே அளவு, ஆனால் ஒரு செங்கலை விழுங்கிய பெட்டி. அடுத்த வருடமே டிவிடி டிரைவையும் எடுத்துவிட்டார்கள். உள்ளே இடம் கிடைத்தது, வெளி உடல் மாறவில்லை.

அந்த வெளி உடலோடே பத்து வருடம் ஓடியது. 2020இல் எம்-1 வந்தபோது மூடியைக் கழற்றிப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். உள்ளே இருந்த பலகை சின்னதாகிவிட்டது. மிச்சம் காலியிடம்! பெரியவர்களின் சட்டையைப் போட்டுக்கொண்ட சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது.

ஏன் அவ்வளவு இடம் மிஞ்சியது? வெப்பத்தைக் கேட்டால் சொல்லும்.

கம்ப்யூட்டருக்குள் போகும் மின்சாரம் கணக்குப் போடுகிறது, படம் வரைகிறது, பாட்டுப் பாடுகிறது. எது செய்தாலும் கடைசியில் அது வெப்பமாகத்தான் முடியும். தாத்தா காலத்துக் குண்டு பல்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 60 வாட் பல்பு கொஞ்ச நேரம் எரிந்தால் தொட முடியாது, விரல் சுட்டுவிடும். 2018இல் வந்த மினி, இன்டெல் நிறுவனத்தின் சிப்போடு முழு மூச்சாக வேலை செய்யும்போது 122 வாட் வரை எடுத்துக்கொண்டது. அதாவது ஒன்றரை லிட்டர்கூட இல்லாத ஒரு மூடிய பெட்டிக்குள் இரண்டு குண்டு பல்புகள் எரிகிற மாதிரி. அந்தச் சூட்டை வெளியே தள்ள விசிறி வேண்டும், சூட்டை வாங்கிக்கொள்ளப் பெரிய உலோகத் தகடுகள் வேண்டும், காற்று ஓட வழி வேண்டும். எம்-1 மினி எவ்வளவு முயன்றாலும் 39 வாட்தான். ஒரு 40 வாட் பல்புகூட இல்லை. சூடு குறைந்தது, அதைத் தள்ள வேண்டிய ஏற்பாடும் குறைந்தது, இடம் மிஞ்சியது.

இதைப் பார்த்த பலர் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: அடுத்த மினியின் உடல் நிச்சயம் சிறியதாகும். நல்ல ஊகம். உள்ளே காலியிடம் என்ற சாட்சி இருக்கிறது, குறைந்த வாட் என்ற காரணமும் இருக்கிறது. ஆனால் 2023இல் எம்-2 மினி வந்தது, அதே பழைய உடலில்!

ஊகம் தோற்றதா? 2024இல் வந்த பெட்டியைப் பாருங்கள், அடிப்பரப்பு பாதிக்கும் கீழே. உங்கள் செய்தித்தாள் சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் தெரியும். ஊகித்தவர்கள் சொன்ன திசை சரி, தேதிதான் தவறு. ஒரு பெட்டியைச் சின்னதாக்க முடியுமா என்பதை இயற்பியல் சொல்லிவிடும். எந்த வருடம் என்பதை நிறுவனம்தான் முடிவு செய்யும். புது உடல் என்றால் அலுமினியத்தைக் கடையும் ஏற்பாடு முதல் அட்டைப்பெட்டி வரை எல்லாம் புதிதாக வேண்டும். அதற்குப் பணமும் நாளும் பிடிக்கும்.

2024 ஆகஸ்டில் புளூம்பெர்க் செய்தியாளர் மார்க் குர்மன், புது மினி மிகவும் சிறியதாக இருக்கும் என்று எழுதினார். உயரம் மட்டும் கொஞ்சம் கூடலாம் என்றும் சொன்னார். அது ஊகம் இல்லை. விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதிய செய்தி. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். ஆனால் அந்தச் செய்தியைப் படித்ததும் ஒரு கேள்வி எழ வேண்டும். சின்னதாகிற பெட்டி ஏன் உயர வேண்டும்?

அண்ணன் மகள் உடனே சொன்னாள்: "இடம் பத்தலைன்னா மாடி கட்டுவோம்ல, அதுதான்." அவ்வளவேதான்! பழைய பெட்டிக்குள் சாமான்கள் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. தரை பாதியாகக் குறைந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அடுக்கினால் காற்று போக வழி வேண்டுமே? புது மினிக்கு அடியில் வட்டமாக ஒரு பாதம் இருக்கிறது. மேசைக்கும் பெட்டிக்கும் நடுவில் சின்ன இடைவெளிதான். சூடான காற்று அந்தப் பாதத்தின் வழியாகத்தான் வெளியேறுகிறது. வீட்டில் யாராவது இதை வைத்திருந்தால் மெத்தைமேலோ துணிமேலோ வைக்கவே கூடாது. மூக்கைப் பொத்துகிற மாதிரி ஆகிவிடும்.

இயக்கும் பட்டனையும் அதே அடிப்பக்கத்தில், பின்மூலையில் வைத்தார்கள். பலரும் திகைத்துப்போனார்கள். எந்தக் கணக்கைப் போட்டாலும் அது விடையாக வந்திருக்காது.

இனி எம்-3 விஷயத்துக்கு வருவோம். சிப் என்பது விரல் நகம் மாதிரி ஒரு சிலிக்கான் துண்டு. அதில் டிரான்சிஸ்டர் எனப்படும் குட்டி சுவிட்சுகள் இருக்கும். எம்-1இல் 1,600 கோடி. எம்-2இல் 2,000 கோடி. எம்-4இல் 2,800 கோடி. உலகத்தில் உள்ள மக்கள் எல்லோருக்கும் ஆளுக்கு மூன்று கொடுத்தாலும் எம்-4இல் மிச்சம் இருக்கும். இவற்றைத் தைவான் நாட்டின் டிஎஸ்எம்சி நிறுவனம் செய்து தருகிறது. எம்-1 ஐந்து நானோமீட்டர் முறையில், எம்-4 மூன்று நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டவை. இந்த எண்கள் உள்ளே உள்ள ஏதோ ஒரு பொருளை அளந்து சொன்னவை அல்ல. தயாரிப்பு முறையின் தலைமுறைக்கு இட்ட பெயர்கள். எண் குறையக் குறைய இன்னும் நெருக்கமாகச் சுவிட்சுகளை அடைக்கிறார்கள் என்று புரிந்துகொண்டால் போதும்.

எம்-3 வந்தது 2023 அக்டோபரில். எம்-2 மினி வந்து அப்போது ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. 2024 மே மாதம் ஆப்பிளின் ஐபேட் புரோ டேப்லெட்டில் எம்-4 வந்துவிட்டது. மினியின் முறை வந்தபோது கையில் புதுச் சிப் தயார். எண் வரிசையை மட்டும் பார்த்தவர்கள் எம்-3 என்றார்கள். பக்கத்து வீட்டு ஐபேடையும் கவனித்தவர்கள் எம்-4 என்றார்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. அடிக்கோலை மறுபடி எடுங்கள். எம்-4இன் வேகமான பகுதி நொடிக்கு ஏறக்குறைய 440 கோடி தடவை துடிக்கிறது. ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்படியானால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் ஒளி எவ்வளவு தூரம் போகும்? வகுத்துப் பாருங்கள். ஏழு செ.மீ.கூட இல்லை! மினியின் அகலத்தில் ஏறக்குறைய பாதிதான். உலகத்திலேயே வேகமான ஒளிக்கே இந்தக் கதி என்றால், கம்பியில் போகும் சைகை இன்னும் மெதுவானது. அதனால்தான் நினைவகத்தைத் தூரத்தில் வைக்காமல் சிப்பை ஒட்டியே வைக்கிறார்கள். கேட்டதும் கை நீட்டி எடுக்கும் தூரத்தில் அஞ்சறைப் பெட்டி இருந்தால்தானே சமையல் வேகமாக நடக்கும்?

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. 2010 முதல் 2012 வரை வந்த மினிகளில், அடியில் இருந்த வட்ட மூடியைத் திருகி, நாமே நினைவகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். இப்போது வாங்கும்போது என்ன அளவோ, கடைசி வரை அதே அளவுதான். ஒரு பிள்ளை தன் கம்ப்யூட்டரைத் திறந்து தானே ஒரு பாகத்தை மாற்றும் சந்தோஷம் பெரிய சந்தோஷம். அது போய்விட்டது.

2024இல் ஆரம்ப நினைவகத்தை 8 ஜிபியிலிருந்து 16 ஜிபியாக ஆக்கினார்கள். செயற்கை நுண்ணறிவு நிரல்கள் பெட்டிக்குள்ளேயே ஓட வேண்டுமானால் நிறைய நினைவகம் வேண்டும். இதையும் காரணத்தோடு முன்பே சொன்னவர்கள் இருந்தார்கள்.

சுத்தமாகத் தப்பாய்ப்போன ஊகமும் ஒன்று உண்டு. 2014க்குப் பிறகு நான்கு வருடம் புது மினியே வரவில்லை. "அவ்வளவுதான், மினி முடிந்தது" என்று பலர் எழுதிவிட்டார்கள். 2018 அக்டோபர் 30 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் புது மினியை மேடையேற்றினார்கள். நாலு நாள் மழை இல்லை என்பதால் இனி மழையே வராது என்று சொல்ல முடியுமா?

இனி என் ஊகம். எம்-5 சிப்பை ஆப்பிள் 2025 அக்டோபரில் அறிவித்து, முதலில் ஐபேட் புரோவுக்கும் 14 அங்குல மேக்புக் புரோவுக்கும் கொடுத்தது. எம்-4இல் நினைவகத்துக்கும் சிப்புக்கும் நடுவில் நொடிக்கு 120 ஜிபி தகவல் ஓட முடியும். எம்-5இல் 153 ஜிபி. படம் வரையும் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் செயற்கை நுண்ணறிவுக் கணக்குக்கென்றே தனி உறுப்பு வைத்திருக்கிறார்கள். ஆகவே எம்-4க்கு அடுத்த மினியில் மாறுவது உள்ளே இருக்கும் சிப்தான். உடல் மாறாது என்கிறேன். முதல் உடல் 5 வருடம் இருந்தது, இரண்டாவது 14 வருடம். மூன்றாவதை அதற்குள் தூக்கிப் போட மாட்டார்கள். உள்ளே காலியிடமும் இப்போது இல்லை. நினைவகம் 16 ஜிபிக்கு மேல் கூடும் என்று சொல்ல மட்டும் தயங்குகிறேன். செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளி வாங்குவதால், 2025 இறுதியில் அவற்றின் விலை ஏறியது.

அண்ணன் மகளுக்கு என் ஊகத்தில் ஒரு பகுதி பிடிக்கவில்லை. "எம்-3ஐத் தாண்டின மாதிரி எம்-5ஐயும் தாண்டிட்டா?" என்கிறாள். நியாயமான கேள்வி. அவள் ஊகத்தை அவள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், என் ஊகத்தை நான் இங்கே எழுதிவிட்டேன்.

நீங்களும் எழுதுங்கள். மேக் மினிதான் என்றில்லை. உங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர், அப்பாவின் போன், எதுவானாலும் சரி. அடுத்து வருவதில் என்ன மாறும், ஏன் மாறும் என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதி நம் இதழுக்கு அனுப்புங்கள். மேலே அன்றைய தேதியைப் போட மறக்காதீர்கள்.